டெஸ்க்டாப் ஆன் ஆகலையா? புது பார்ட் வாங்குறதுக்கு முன்னாடி இதை வரிசையா பாருங்க

ஒருநாள் ராத்திரி 11 மணிக்கு தம்பி போன் பண்ணான். "அண்ணே, சிஸ்டம் ஆன் ஆகல, எஸ்எம்பிஎஸ் போயிடுச்சுன்னு நெனைக்கிறேன், புதுசு ஆர்டர் போட்டுடவா?"ன்னு கேட்டான். எஸ்எம்பிஎஸ்னா கேபினட்டுக்குள்ள எல்லா பார்ட்டுக்கும் கரன்ட் குடுக்கிற பவர் பெட்டி.

"இருடா, பட்டனை அமுக்குனா ஃபேன் சுத்துதா?"

"சுத்துது."

"கீபோர்டுல லைட் எரியுதா?"

"எரியுதுண்ணே."

"அப்புறம் என்னடா ஆன் ஆகலங்கிற?"

"ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரலண்ணே, நோ சிக்னல்னு காட்டுது."

பாருங்க, ஃபேன் சுத்துது, லைட் எரியுது, ஆனா அவன் மனசுல எஸ்எம்பிஎஸ் செத்துப்போச்சு. பிரச்சனை என்னன்னா "ஆன் ஆகல"ங்கிற அந்த ஒரே வார்த்தைக்குள்ள குறைஞ்சது அஞ்சு வேற வேற நோய் இருக்கு, அது எதுன்னு தெரியாம மருந்து வாங்கப் போனா காசுதான் போகும். அவன் சிஸ்டத்துக்கு என்ன ஆச்சுன்னு கீழ வரும்போது சொல்றேன்.

முதல்ல, பட்டனை அமுக்குனதும் உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். பட்டன் மதர்போர்டுகிட்ட (எல்லா பார்ட்டும் மாட்டி இருக்கிற பெரிய போர்டு) சொல்லும், மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பும், எஸ்எம்பிஎஸ் தன்னோட வோல்டேஜ் எல்லாம் நிலைக்கு வந்ததும் "நான் ரெடி"ன்னு ஒரு சிக்னல் குடுக்கும், இதுக்கு பவர் குட்னு பேரு, இது வந்தாத்தான் ப்ராசஸர் முழிக்கும். அதுக்கப்புறம் பயாஸ், அதாவது மதர்போர்டுக்குள்ளயே இருக்கிற தொடக்க ப்ரோகிராம், கிளம்பி ப்ராசஸர், ராம் (மெமரி), கிராபிக்ஸ்னு ஒவ்வொண்ணா தட்டிப் பார்க்கும், அதைத்தான் போஸ்ட்னு சொல்றாங்க. எல்லாம் சரின்னா எந்த டிஸ்க்ல இருந்து பூட் பண்ணணும்னு தேடும், அங்க பூட் லோடர்ங்கிற கிளப்பி விடுற சின்ன ப்ரோகிராம் கிடைச்சா விண்டோஸோ லினக்ஸோ கிளம்பும். இந்த வரிசையில எந்த இடத்துல நின்னுச்சுங்கிறதைக் கண்டுபிடிச்சிட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

இன்னொரு விஷயம், இதை நான் அடிபட்டுக் கத்துக்கிட்டேன். ஒரு நேரத்துல ஒரே ஒரு மாத்தம்தான் பண்ணணும். ஒரு தடவை என் சிஸ்டம் டிஸ்ப்ளே வராம நின்னப்போ அவசரத்துல ராமைக் கழட்டி மாட்டி, பேட்டரியை எடுத்து, கேபிளை மாத்தி, கிராபிக்ஸ் கார்டையும் பிடுங்கிப் போட்டு எல்லாத்தையும் ஒரே மூச்சுல பண்ணேன், ஆன் ஆயிடுச்சு, ஒரே சந்தோஷம். ரெண்டு வாரத்துல திரும்ப அதே கதை. எதைப் பண்ணதுனால போன தடவை ஓடுச்சுன்னு எனக்கே தெரியல, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.

கையில ஒரு ஸ்டார் ஸ்குரூ டிரைவர், ஒரு டார்ச், 8 ஜிபிக்கு மேல ஒரு பென் டிரைவ், முடிஞ்சா ஒரு மல்டிமீட்டர், இவ்வளவு போதும். எந்தக் கேபிளையும் பிடுங்குறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. உள்ள கை வைக்கும்போது பவர் கார்டை பிடுங்கிடுங்க, கேபினட்டோட பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒரு தடவை தொட்டுட்டு அப்புறம் பார்ட்டைத் தொடுங்க, உடம்புல இருக்கிற ஸ்டேட்டிக் அதுல இறங்கிடும்.

ஸ்டெப் 1: சுத்தமா உயிரே இல்லைன்னா

ஃபேன் சுத்தல, லைட் இல்ல, சத்தம் இல்ல. சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும், அதனால முதல்ல சாக்கெட்ல கரன்ட் வருதான்னு பாருங்க. அதே சாக்கெட்ல போன் சார்ஜரையோ டேபிள் லேம்ப்பையோ போட்டுப் பாருங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யூபிஎஸ் எல்லாத்தையும் விட்டுட்டு சுவத்து சாக்கெட்ல நேரா போடுங்க. யூபிஎஸ் பேட்டரி வீக்கானா லைட் எரியும், லோடு ஏறுனதும் படுத்துடும். பின்னாடி எஸ்எம்பிஎஸ்ல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், தூசி துடைக்கும்போது அதுல கை பட்டு ஆஃப் ஆகி இருக்கிறது நீங்க நெனைக்கிறதை விட சகஜம். பழைய எஸ்எம்பிஎஸ்னா 115, 230னு ஒரு சிவப்பு சுவிட்சும் இருக்கும், 230 வோல்ட் வர்ற இடத்துல அது 115ல இருந்தா ஆன் பண்ண உடனே வெடிச்சிடும், சும்மாகூட அதைத் தள்ளிப் பார்க்காதீங்க.

இதெல்லாம் சரின்னா பவர் கார்டைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை ஒரு 30 செகண்ட் அமுக்கிப் பிடிங்க, உள்ள மிச்சம் இருக்கிற சார்ஜ் இறங்கட்டும். திரும்ப மாட்டிப் பாருங்க. மந்திரம் மாதிரி தெரியும், ஆனா கரன்ட் போய் வந்த பிறகு முழிக்காத சிஸ்டங்கள் பல தடவை இதுலயே முழிச்சிருக்கு.

அப்பவும் இல்லைன்னா சைடு கவரைக் கழட்டிட்டு, பவர் கார்டு மாட்டின நிலையில மதர்போர்டைப் பாருங்க. நிறைய போர்டுல ஒரு சின்ன எல்ஈடி எப்பவுமே எரியும், சிஸ்டம் ஆஃப்ல இருந்தாக்கூட எஸ்எம்பிஎஸ் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை குடுத்துக்கிட்டே இருக்கும். அது எரிஞ்சா எஸ்எம்பிஎஸ்ல ஒரு பகுதியாவது உயிரோட இருக்குன்னு அர்த்தம், அடுத்த சந்தேகம் பவர் பட்டன் மேல. பட்டன்ல இருந்து வர்ற சின்ன ரெண்டு வயர் போர்டோட கீழ் ஓரத்துல ரெண்டு பின்ல மாட்டி இருக்கும், பக்கத்துலயே பவர் சுவிட்ச்னு சுருக்கமா எழுதி இருக்கும். பவர் கார்டைப் பிடுங்கிட்டு அந்த வயரை உருவுங்க, கார்டைத் திரும்ப மாட்டிட்டு அந்த ரெண்டு பின்னையும் ஸ்குரூ டிரைவர் நுனியால ஒரு செகண்ட் ஒண்ணாத் தொடுங்க. சிஸ்டம் கிளம்புச்சுன்னா உங்க கம்ப்யூட்டர்ல ஒரு பழுதும் இல்ல, பட்டன்தான் போச்சு. ரீசெட் பட்டன் வயரை பவர் பின்ல மாட்டிக்கிட்டு வருஷக்கணக்கா ஓட்டுறவங்க இருக்காங்க, நானும் ஒருத்தன்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியா டெஸ்ட் பண்ணணும்னா, பவர் கார்டைப் பிடுங்கிட்டு உள்ள போற எல்லா கனெக்டரையும் கழட்டிடுங்க. 24 பின் பெரிய கனெக்டர்ல ஒரே ஒரு பச்சை வயர் இருக்கும், அதையும் பக்கத்துல இருக்கிற கறுப்பு வயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால இணைச்சிட்டு, அதுக்கப்புறம் பவர் கார்டை மாட்டி ஆன் பண்ணுங்க. இப்போ வர்ற எஸ்எம்பிஎஸ்ல எல்லா வயருமே கறுப்பா இருக்கும், அப்போ குத்துமதிப்பா குத்தாதீங்க, மேனுவல்ல படத்தைப் பார்த்து 16-வது பின்னைக் கண்டுபிடிங்க, அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற 15, 17 ரெண்டுமே கிரவுண்டுதான். ஃபேன் சுத்தினா உயிர் இருக்கு. ஆனா லோடு கம்மியா இருந்தா ஃபேனே சுத்தாத எஸ்எம்பிஎஸ்ஸும் இருக்கு, அதனால மல்டிமீட்டர் இருந்தா வச்சுப் பாருங்க. மஞ்சள் வயர்ல 11.4ல இருந்து 12.6 வோல்ட்டுக்குள்ள இருக்கணும், சிவப்புல 4.75ல இருந்து 5.25, ஆரஞ்சுல 3.14ல இருந்து 3.47. இதுக்கு வெளிய போனா எஸ்எம்பிஎஸ் போச்சு. உள்ள இருந்தா "சரியா இருக்கலாம்", அவ்வளவுதான் சொல்ல முடியும், ஏன்னா சும்மா இருக்கும்போது 12 காட்டிட்டு லோடு ஏறுனதும் 10க்கு இறங்குற ஆளுங்களும் உண்டு.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீங்க. உள்ள இருக்கிற பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல சார்ஜைப் பிடிச்சு வச்சிருக்கும், பிளக்கைப் பிடுங்கினதும் அது போயிடாது.

ஸ்டெப் 2: ஆன் ஆகி உடனே ஆஃப் ஆகுதுன்னா

இங்க செகண்டை எண்ணுங்க, அதுதான் துப்பு. கிட்டத்தட்ட 4 செகண்ட் ஓடி ஒவ்வொரு தடவையும் அதே இடத்துல டப்புன்னு ஆஃப் ஆச்சுன்னா பவர் பட்டன் உள்ள போய் மாட்டிக்கிச்சுன்னு முதல்ல சந்தேகப்படுங்க. பட்டனை 4 செகண்ட் அமுக்கிப் பிடிச்சா சிஸ்டம் கட்டாயமா ஆஃப் ஆகணும்ங்கிறது எல்லா போர்டுலயும் இருக்கிற ஏற்பாடு, மாட்டிக்கிட்ட பட்டனுக்கும் உங்க விரலுக்கும் போர்டுக்கு வித்தியாசம் தெரியாது. மேல சொன்ன மாதிரி வயரை உருவிட்டு ஸ்குரூ டிரைவரால ஆன் பண்ணிப் பார்த்தா தெரிஞ்சிடும்.

அரை செகண்ட்லயே ஃபேன் ஒரு துடிப்பு துடிச்சிட்டு நின்னா அது ஷார்ட். எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாத்திக்க ஆஃப் ஆகுது. கழண்டு விழுந்த ஸ்குரூ போர்டுக்கு அடியில கிடக்குதான்னு பாருங்க, முன்பக்க யூஎஸ்பி போர்ட் உள்ள பின் வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. யூஎஸ்பி ஷார்ட்டுக்கு சில போர்டுல "ஓவர் கரன்ட்"னு ஸ்கிரீன்லயே எழுதிக் காட்டி 15 செகண்ட்ல ஆஃப் பண்ணிடும், அதைப் பார்த்துட்டு போர்டு போச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க, முன்பக்க யூஎஸ்பி கேபிளை போர்டுல இருந்து உருவினாலே நிறைய தடவை சரியாயிடும். அப்புறம் ஹார்டு டிஸ்க், கிராபிக்ஸ் கார்டுனு ஒவ்வொண்ணா கழட்டிக்கிட்டே ஆன் பண்ணிப் பாருங்க, எதைக் கழட்டுனதும் ஓடுதோ அதுதான் குற்றவாளி.

ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் ஓடிட்டு ஆஃப் ஆனா சூடு. ப்ராசஸர் மேல இருக்கிற கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு இருக்கும், நாலு மூலையில தள்ளி மாட்டுற பின் வச்ச கூலர்ல ஒரு பின் கழண்டுக்கிறது ரொம்ப சாதாரணம். விரலால மெதுவா அசைச்சுப் பாருங்க, ஆடக்கூடாது. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல பூசுற தெர்மல் பேஸ்ட் காஞ்சு பவுடராப் போயிருந்தா துடைச்சிட்டு புதுசு போடுங்க, பட்டாணி அளவு போதும்.

ஸ்டெப் 3: ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல

இங்கதான் ஜனங்க அதிகமா காசை விடுறாங்க, அதனால நிதானமா வாங்க.

முதல்ல கேப்ஸ் லாக் டெஸ்ட். ஆன் பண்ணிட்டு ஒரு நிமிஷம் பொறுத்து கீபோர்டுல கேப்ஸ் லாக் கீயைத் தட்டுங்க. லைட் எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சா சிஸ்டம் உயிரோடதான் இருக்கு, போஸ்ட் தாண்டிப் போயிருக்கு, படம் மட்டும்தான் உங்க கண்ணுக்கு வரல. அப்போ மானிட்டர், கேபிள், கிராபிக்ஸ் கார்டு இந்த மூணுலதான் வேலை. லைட் அசையாம நின்னா ராம், ப்ராசஸர், போர்டு பக்கம் போகணும்.

தம்பிகிட்ட இதைத்தான் பண்ணச் சொன்னேன். "எரியுதுண்ணே, தட்டத் தட்ட மாறுது"ன்னான். "பின்னாடி போய் மானிட்டர் கேபிள் எங்க மாட்டி இருக்குன்னு பாரு, மேல யூஎஸ்பி பக்கத்துல நெட்டுவாக்குல இருக்கிற போர்ட்லயா, இல்ல கீழ படுக்கைவாக்குல இருக்கிறதுலயா?" கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "மேலண்ணே." அன்னிக்கு சாயங்காலம் தூசி தட்டி சுத்தம் பண்ணியிருக்கான், திரும்ப மாட்டும்போது கிராபிக்ஸ் கார்டுல போட வேண்டியதை மதர்போர்டுல போட்டுட்டான். அவன் ப்ராசஸர் பேரு கடைசியில எஃப்னு முடியுற இன்டெல், அதுல உள்ள கிராபிக்ஸே கிடையாது, அதனால மதர்போர்டு போர்ட்ல எப்பவுமே படம் வராது. ஏஎம்டியில ரைசன் 5000 வரிசை வரைக்கும் பேருல ஜி இருந்தாத்தான் கிராபிக்ஸ் உண்டு. கேபிளை மாத்தினான், படம் வந்துச்சு, "சரிண்ணே வைக்கிறேன்"னு டக்குனு போனை வச்சிட்டான்.

மானிட்டர் சரியான இன்புட்ல இருக்கான்னும் பாருங்க, கேபிள் டிஸ்ப்ளே போர்ட்ல இருக்கும், மானிட்டர் எச்டிஎம்ஐல தேடிக்கிட்டு இருக்கும். கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியா வர்ற 6 பின், 8 பின் பவர் கேபிள் க்ளிக்னு சத்தம் வர்ற வரைக்கும் உள்ள போயிருக்கணும்.

கேப்ஸ் லாக் அசையலையா, அப்போ ராம். என் அனுபவத்துல டிஸ்ப்ளே வராத சிஸ்டத்துல அதிகமா பிரச்சனை பண்றது இதுதான். பவர் கார்டைப் பிடுங்கிட்டு ராமைக் கழட்டுங்க, தங்கக் கலர்ல இருக்கிற கால் பகுதியை பென்சில் அழிக்கிற ரப்பரால மெதுவா ஒரே திசையில தேய்ச்சு, தூளை ஊதித் தள்ளிட்டு, வாய் எச்சில் படாம ஊதுங்க, ஸ்லாட்டையும் பிரஷ்ஷால தட்டிட்டு திரும்ப மாட்டுங்க. ரெண்டு ஓரமும் டக் டக்குனு பூட்டுற வரைக்கும் அழுத்தணும், புதுசா பண்றவங்க உடைஞ்சிடுமோன்னு பயந்து பாதியில நிறுத்திடுவாங்க. ரெண்டு ராம் இருந்தா ஒண்ணை மட்டும் போட்டுப் பாருங்க, அப்புறம் இன்னொண்ணை மட்டும். நாலு ஸ்லாட் இருக்கிற பெரும்பாலான போர்டுல ஒரே ராம்னா ப்ராசஸர்ல இருந்து எண்ணி ரெண்டாவது ஸ்லாட், ரெண்டு ராம்னா ரெண்டாவதும் நாலாவதும்.

டிடிஆர்5 ராம் போட்ட புது சிஸ்டம்னா ஒரு எச்சரிக்கை. முதல் தடவையும், பயாஸ் ரீசெட் பண்ண பிறகும், அது ராமை டியூன் பண்ணிக்க பல நிமிஷம் எடுத்துக்கும், அந்த நேரம் முழுக்க ஸ்கிரீன் கறுப்பாத்தான் இருக்கும். பொறுமை இல்லாம ஆஃப் பண்ணி ஆன் பண்ணா அது முதல்ல இருந்து ஆரம்பிக்கும், நீங்களும் முதல்ல இருந்து புலம்பணும். ஒரு 15 நிமிஷம் அப்படியே விட்டுட்டு வேற வேலையைப் பாருங்க.

போர்டு என்ன சொல்லுதுன்னும் கவனிங்க. இப்போ வர்ற பல போர்டுல ப்ராசஸர், ராம், கிராபிக்ஸ், பூட்னு நாலு குட்டி எல்ஈடி இருக்கும், எதுல எரிஞ்சு நிக்குதோ அதுலதான் மாட்டிக்கிச்சு. பழைய போர்டுல குட்டி ஸ்பீக்கர் மாட்டினா பீப் அடிக்கும். ஒரு நீளம் ரெண்டு குட்டைன்னா பல பயாஸ்ல கிராபிக்ஸ்னு அர்த்தம், நிக்காம அடிச்சுக்கிட்டே இருந்தா பெரும்பாலும் ராம், ஆனா கம்பெனிக்கு கம்பெனி மாறும், போர்டு மேனுவல்ல இருக்கிறதுதான் செல்லும்.

அடுத்தது பயாஸ் ரீசெட். பவர் கார்டு இல்லாம, போர்டுல இருக்கிற சிஆர்2032 காசு மாதிரி பேட்டரியை எடுத்து 5 நிமிஷம் வெளிய வச்சிட்டு மாட்டுங்க. புதுசுல அது 3 வோல்ட், அஞ்சாறு வருஷப் பழசுன்னா மாத்தியே போடுங்க. ஆனா இதைப் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு, பயாஸ்ல நீங்க மாத்தி வச்ச செட்டிங் எல்லாம் போயிடும், பூட் மோடும் ஸ்டோரேஜ் மோடும் மாறிட்டா அடுத்து விண்டோஸ் கிளம்பாது, கீழ சொல்றேன். ரெண்டு, பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்ட டிஸ்க்னா 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கலாம், அது உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கான்னு போன்லயே பார்த்து வச்சுக்கிட்டு அப்புறம் பேட்டரியைத் தொடுங்க. நான் பிட்லாக்கரே போடலையேன்னு சொல்லாதீங்க, விண்டோஸ் 11 மெஷின் பலதுல அது தானாவே ஆன் ஆகியிருக்கும்.

புதுசா அசெம்பிள் பண்ண சிஸ்டமா? ப்ராசஸருக்குன்னு தனியா போர்டோட மேல் மூலையில மாட்டுற 4 பின் இல்ல 8 பின் கேபிளைப் பாருங்க, அதை மறந்தா எல்லா ஃபேனும் ஜோரா சுத்தும், டிஸ்ப்ளே மட்டும் வராது. பழைய போர்டுல புது ப்ராசஸர் போட்டிருந்தா பயாஸ் அப்டேட் பண்ணாம அடையாளம் தெரியாது, பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருக்கிற போர்டுனா டிஸ்ப்ளே இல்லாமலே பென் டிரைவ்ல அப்டேட் பண்ணிடலாம். இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸோட கழட்டுற கேபிளை "பொருந்துதே"ன்னு இதுல மாட்டினீங்கன்னா டிஸ்க்கு, போர்டு எல்லாம் கருகும், ஒரு முனை ஒரே மாதிரி இருந்தாலும் மறுமுனையில வயர் வரிசை கம்பெனிக்கு கம்பெனி வேற.

ஸ்டெப் 4: லோகோ வருது, அதோட நிக்குது

முதல் வேலை, எல்லா யூஎஸ்பியையும் பிடுங்குங்க, கீபோர்டு மட்டும் இருக்கட்டும். பின்னாடி மறந்துபோன ஒரு பென் டிரைவ்ல இருந்து பூட் பண்ணப் பார்த்துட்டு "ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்லை"ன்னு சிஸ்டம் கையை விரிச்சிருக்கும். சிபியு ஃபேன் எரர்னு வந்து எஃப்1 அமுக்கச் சொன்னா, அமுக்கி உள்ள போயிட்டு அதை மறந்துடாதீங்க, கூலர் ஃபேன் வயர் எந்த பின்ல மாட்டி இருக்குன்னு பாருங்க.

பூட் டிவைஸ் இல்லைன்னு வந்தா பயாஸுக்குள்ள போங்க, ஆன் பண்ணதும் பெரும்பாலும் டெலீட் கீயையோ எஃப்2-வையோ தட்டணும். டிஸ்க் பேரு அங்க தெரியுதா? தெரியலைன்னா விண்டோஸைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல, அது கேபிளோ டிஸ்க்கோதான். சாட்டா கேபிளை (டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கிறது) வேற போர்ட்ல மாத்துங்க, வேற கேபிள் போட்டுப் பாருங்க, போர்டுல நேரா செருகுற எம்.2 எஸ்எஸ்டின்னா கழட்டி மாட்டுங்க. சில போர்டுல ஒரு எம்.2 ஸ்லாட்ல எஸ்எஸ்டி போட்டா குறிப்பிட்ட சாட்டா போர்ட் செத்துடும், புதுசா எஸ்எஸ்டி போட்ட அன்னிக்கு பழைய ஹார்டு டிஸ்க் காணாம போனா இதுதான் காரணமா இருக்கும்.

டிஸ்க் பேரு தெரியுது ஆனா பூட் ஆகலைன்னா, பூட் ஆர்டர்ல அது முதல்ல இருக்கான்னு பாருங்க, அப்புறம் பூட் மோடு யூஈஎஃப்ஐயா (புது முறை) லெகசியான்னு (பழைய முறை) பாருங்க. ஜிபிடி, எம்பிஆர்ங்கிறது டிஸ்க்கைப் பிரிச்சு வைக்கிற ரெண்டு முறை, ஜிபிடி டிஸ்க்ல போட்ட விண்டோஸுக்கு யூஈஎஃப்ஐ வேணும், எம்பிஆர்ல போட்ட பழசுக்கு லெகசி வேணும், அதுக்கு சிஎஸ்எம்னு ஒரு ஆப்ஷன் ஆன்ல இருக்கணும். அதே மாதிரி ஸ்டோரேஜ் மோடு (போர்டு டிஸ்க்கோட பேசுற முறை) ஏஎச்சிஐல இருந்து ரெய்டுக்கோ விஎம்டிக்கோ மாறியிருந்தா நீலத் திரையில "இனாக்ஸஸிபிள் பூட் டிவைஸ்"னு வரும், பழையபடி மாத்தினா பேசாம பூட் ஆயிடும். பேட்டரி எடுத்த மறுநாள் இப்படி வந்து, டிஸ்க் போச்சுன்னு ஃபார்மட் அடிச்சவங்க கதை நிறைய இருக்கு.

ஹார்டு டிஸ்க் டக்... டக்...குன்னு ஒரே தாளத்துல சத்தம் போட்டா உடனே ஆஃப் பண்ணுங்க. ரிப்பேர் கமாண்டு எதுவும் ஓட்டாதீங்க. உள்ள முக்கியமான போட்டோ, கணக்கு ஏதாவது இருந்தா ஒவ்வொரு தடவை ஆன் பண்றதும் அதைத் தேய்க்கிறதுதான்.

ஸ்டெப் 5: விண்டோஸ் கிளம்புது, ஆனா நீலத் திரை வருது, இல்லைன்னா ரீஸ்டார்ட் ஆயிட்டே இருக்கு

ஹார்டுவேர் பக்கம் ஓரளவு பாஸ் ஆயிடுச்சுன்னு மூச்சு விடுங்க. 2024 ஜூலை 19 அன்னிக்கு க்ரவுட்ஸ்ட்ரைக்ங்கிற செக்யூரிட்டி சாஃப்ட்வேரோட ஒரே ஒரு தப்பான அப்டேட்னால, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத் திரையில விழுந்துச்சு, அதுல ஒரு பார்ட்கூட கெட்டுப் போகல, சேஃப் மோடுல (அவசியமானதை மட்டும் வச்சு விண்டோஸ் ஓடுற மோடு) போய் ஒரு ஃபைலை அழிச்சதும் எழுந்துக்கிச்சு.

விண்டோஸ் லோகோ வரும்போது பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணுங்க, இப்படி ரெண்டு மூணு தடவை பண்ணா ரிப்பேர் மெனு தானா வரும். வரலைன்னா வேற கம்ப்யூட்டர்ல விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவ் ஒண்ணு பண்ணி அதுல இருந்து பூட் பண்ணி "ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்" போங்க.

அங்க முதல்ல ஸ்டார்ட்டப் ரிப்பேர். அது முடியலைன்னா, சமீபத்துல அப்டேட் ஆச்சா, ஆயிருந்தா அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அப்புறம் சிஸ்டம் ரீஸ்டோர். அதுக்கப்புறம் ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்ல போய் 4-ஐ அமுக்கி சேஃப் மோடு. சேஃப் மோடுல ஓடுது, சாதாரணமா ஓடலைன்னா டிரைவரோ ஆன்டிவைரஸோதான், கடைசியா எதைப் போட்டீங்களோ அதைத் தூக்குங்க, பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர்.

கமாண்ட் பிராம்ப்ட் பழக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. யூஈஎஃப்ஐ சிஸ்டத்துல பூட்ரெக் ஃபிக்ஸ்பூட் அடிச்சா "ஆக்சஸ் டினைடு"ன்னு முகத்துல அடிக்கிறது வழக்கம், அதோட மல்லுக்கட்டாம பிசிடிபூட் கமாண்டால விண்டோஸ் ஃபோல்டரைக் காட்டி பூட் ஃபைல்களைத் திரும்ப எழுத வைங்க. ரிப்பேர் மெனுல சி டிரைவ் டி-ன்னு மாறி இருக்கலாம், உள்ள விண்டோஸ் ஃபோல்டர் எங்க இருக்குன்னு பார்த்துட்டு அடிங்க.

ஒவ்வொரு தடவையும் வேற வேற எரர் வந்தா உடனே சாஃப்ட்வேர் மேல பழி போடாதீங்க, அது பெரும்பாலும் ராம். பென் டிரைவ்ல ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க, ஒரே ஒரு எரர் வந்தாக்கூட ராம் சந்தேகம்தான். அதுக்கு முன்னாடி பயாஸ்ல எக்ஸ்எம்பி (ராமை வேகமா ஓட்டுற செட்டிங்) ஆன்ல இருந்தா அதை ஆஃப் பண்ணிப் பாருங்க.

ரீசெட், ஃபார்மட்னு போறதுக்கு முன்னாடி உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸை பென் டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் பண்ணாம "டிரை" குடுத்து பூட் பண்ணுங்க. உங்க டிரைவ் ஃபைல் மேனேஜர்ல தெரியும், வேண்டியதை வெளி டிஸ்க்குக்கு காப்பி பண்ணிக்கலாம். பிட்லாக்கர் போட்ட டிரைவ்னா இங்கயும் அந்த 48 இலக்கம் கேக்கும். லினக்ஸ் அரை மணி நேரம் பிசிறில்லாம ஓடுனா போர்டு, ராம் எல்லாம் ஓரளவு நல்லா இருக்குங்கிறதுக்கும் அதுவே சாட்சி.

ஸ்டெப் 6: எதுவுமே வேலைக்கு ஆகலைன்னா

போர்டைக் கேபினட்ல இருந்து வெளிய எடுத்து அதோட அட்டைப் பெட்டி மேல வைங்க. ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ், கிராபிக்ஸ் இல்லாத ப்ராசஸர்னா கார்டு, இவ்வளவு மட்டும் மாட்டி ஸ்குரூ டிரைவரால ஆன் பண்ணுங்க. வெளிய ஓடி உள்ள ஓடலைன்னா போர்டுக்கு அடியில தேவையில்லாத இடத்துல ஒரு ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்குற குட்டிக் கால்) முட்டிக்கிட்டு இருக்கலாம். வெளியயும் ஓடலைன்னா கெப்பாசிட்டர் தலை உப்பி இருக்கா, எங்கயாவது கருகின தடம் இருக்கான்னு பாருங்க, 2000-களோட தொடக்கத்துல வந்த போர்டுகள்ல கெப்பாசிட்டர் உப்புறது ஒரு பெரிய வியாதியாவே இருந்துச்சு.

கடைசியா ப்ராசஸரைக் கழட்டி சாக்கெட்ல பின் வளைஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சு சாய்ச்சுப் பாருங்க, வெளிச்சத்துல எல்லா பின்னும் ஒரே மாதிரி மின்னணும், ஒண்ணு மட்டும் வேற திசையில மின்னினா அதுதான். ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட் ப்ராசஸர்னா பின் ப்ராசஸர்லயே இருக்கும், கூலரைத் தூக்கும்போது பேஸ்ட்ல ஒட்டிக்கிட்டு ப்ராசஸரும் சேர்ந்து பிய்ச்சுக்கிட்டு வரும், அதனால நேரா தூக்காம லேசா இடம் வலமா திருகிட்டு எடுங்க.

போர்டா ப்ராசஸரான்னு வீட்டுல தனியா கண்டுபிடிக்கிறது கஷ்டம், மாத்திப் பார்க்க இன்னொரு செட் வேணும். ப்ராசஸர் தானா சாகுறது ரொம்ப அபூர்வம், அதனால நான் முதல்ல போர்டைத்தான் சந்தேகப்படுவேன். சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போனா "ஆன் ஆகல"ன்னு மட்டும் சொல்லாதீங்க, ஸ்டாண்ட்பை லைட் எரியுது, ஃபேன் சுத்துது, கேப்ஸ் லாக் அசையல, ராம் ரெண்டையும் தனித்தனியா போட்டாச்சு, எல்ஈடி ப்ராசஸர்ல நிக்குதுன்னு ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிக் குடுங்க, ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழட்டி வீட்டுலயே வச்சிட்டுப் போங்க.